மருந்து கேட்கிறதா?

அன்புள்ள டாக்டர்,

எங்கள் லாப்ரடார் ப்ரௌனிக்கு ஒன்பது வயது, 40 கிலோ. இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். ஒரு மாதமாக மெலாக்ஸிகாம் என்ற வலி மாத்திரையும் மூட்டுக்கான சத்துப் பொடியும் கொடுக்கிறோம். என் கணவர் "இப்ப நல்லா நடக்கிறான்" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்னொரு எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடுமா?

ம., கோவை

அன்புள்ள ம.,

எக்ஸ்ரே வேண்டாம். அது எலும்பைக் காட்டும், வலியைக் காட்டாது. படத்தில் மூட்டு படுமோசமாக இருக்கும் நாய் ஓடியாடிக்கொண்டிருக்கும். லேசான தேய்மானம் உள்ளது எழவே தவிக்கும். நீங்கள் கொடுக்கும் மாத்திரை வலியைக் குறைக்கத்தான், எலும்பை மாற்ற அல்ல.

உங்கள் கணவர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. டாக்டர்கள் சொல்வதற்கும் இதே கதிதான். 2012-ல் கான்ஸீமியஸ், எவன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை பெற்ற 58 நாய்களின் கணக்கை வெளியிட்டார்கள். ஒவ்வொரு காலும் எவ்வளவு விசையோடு ஊன்றுகிறது என்று அளக்கும் தட்டின் மேல் அவற்றை நடக்கவிட்டு, அந்த அளவோடு மனிதர்கள் சொன்னதை ஒப்பிட்டார்கள். நொண்டலைப் பொறுத்தவரை வளர்ப்பவர்கள் 39.7 சதவீதம் தடவை இல்லாத முன்னேற்றத்தைக் கண்டிருந்தார்கள். நாயை ஓடவிட்டுப் பார்த்த டாக்டர்களோ 44.8 சதவீதம்! நாள் ஆக ஆக இது கூடவும் செய்தது. பாசமும் நம்பிக்கையும் கண்ணை அப்படி மாற்றிவிடுகின்றன. போதாததற்கு, வலி உச்சத்தில் இருக்கும் வாரத்தில்தான் நாயை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகிறோம். பிறகு அது தானாகக் கொஞ்சம் தணிந்தாலும் பேர் மருந்துக்குப் போய்விடுகிறது.

அந்தத் தட்டு உங்கள் வீட்டில் இல்லை. ஒரு நோட்டு போதும். ஆனால் "நல்லா நடக்கிறான்" என்று அதில் எழுதாதீர்கள். காலையில் தரையிலிருந்து எழுவதைப் பாருங்கள்: ஒரே மூச்சில் எழுகிறானா, முன்னங்காலை ஊன்றி உடம்பை இழுத்துப் பின்பக்கத்தை மெல்ல மேலே கொண்டுவருகிறானா, டைல்ஸில் பின்னங்கால் வழுக்குகிறதா? சிறுநீர் கழிக்கக் காலைத் தூக்கி நிற்கிறானா, சட்டென்று இறக்கிவிடுகிறானா? அவனுக்கு எது கஷ்டம் என்று உங்களுக்குத்தான் தெரியும். அப்படி மூன்று காரியங்களைத் தேர்ந்தெடுத்து, தினமும் அதே இடத்தில் அதே நேரத்தில் பார்த்து, 0 (சிரமமே இல்லை) முதல் 10 (முடியவே இல்லை) வரை மதிப்பெண் போடுங்கள். நீங்களும் கணவரும் தனித்தனி நோட்டில், ஒருவருக்கொருவர் காட்டாமல். வாரம் ஒரு முறை பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் வீடியோ எடுங்கள். கிளினிக்குக்கு வந்த பரபரப்பில் பல நாய்கள் நொண்டுவதையே மறைத்துவிடும், வீட்டு வீடியோதான் எனக்கு உதவும். மருந்துக்கு முந்தைய வீடியோ யார் போனிலாவது இருக்கும், தேடுங்கள். ஒப்பிட அதுதான் ஆதாரம்.

நாய்களின் மூட்டு வலியை அளக்கப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவான கேள்விப் பட்டியலும் இதே 0–10 கணக்குதான். வலிக்கான சராசரி 1 புள்ளியாவது, நடமாட்டத்துக்கு உண்டாகும் இடையூறின் சராசரி 2 புள்ளியாவது, இரண்டும் குறைந்தால்தான் மருந்து கேட்டதாக அதில் கொள்வார்கள். அரைப் புள்ளி இறங்கியதைக் கண்டு சந்தோஷப்பட வேண்டாம்.

இரண்டு மருந்தை ஒரே நாளில் ஆரம்பித்தால் எது வேலை செய்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் பொடியை நிறுத்திவிட்டு நோட்டைத் தொடருங்கள். எடையையும் கிளினிக் தராசில் மாதாமாதம் எழுதுங்கள். குண்டான நாய்களிடம் 2010-ல் நடந்த ஓர் ஆய்வில், எடை 6 சதவீதத்துக்கு மேல் குறைந்ததுமே நொண்டல் குறையத் தொடங்கியது. ப்ரௌனிக்கு அது இரண்டரை கிலோ.

மெலாக்ஸிகாமைத் தொடர்வதானால் சிறுநீரகத்துக்கும் ஈரலுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சாப்பாட்டை ஒதுக்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ மதிப்பெண் எப்படி இருந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே உங்கள் டாக்டரைக் கூப்பிடுங்கள்.