டெர்மினலில் ஓடும் ஃபங்ஷன் ஸ்கிரிப்டில் ஏன் ஓடவில்லை?

பெங்களூரு அல்சூர் வாசகர் ஒருவரின் கேள்வி: "அலுவலகத்தில் உபுண்டு சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். பேக்கப் எடுக்க ஒரு ஃபங்ஷன் (பெயரிட்ட கட்டளைத் தொகுப்பு) எழுதி, டெர்மினலைத் திறக்கும்போது பாஷ் படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பின் கடைசியில் வைத்திருக்கிறேன். டெர்மினலில் பெயரைத் தட்டினால் ஓடுகிறது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் இரவு ஓடும் ஸ்கிரிப்டில் அதே பெயரை எழுதினால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வருகிறது. ஸ்கிரிப்டுக்குள் பாஷ்ஆர்சியையே சோர்ஸ் செய்தும் (அதே இடத்தில் படிக்கவைத்தும்) பயனில்லை. எங்கே பிழை?"

உங்கள் ஃபங்ஷனில் பிழை இல்லை, கவலை வேண்டாம். கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்தான் ஷெல்; பாஷ் அதில் ஒரு வகை. ஃபங்ஷன், தன்னைப் படித்துக்கொண்ட ஷெல்லின் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். ஸ்கிரிப்டை ஓட்டும்போது புதிதாக இன்னொரு பாஷ் தொடங்குகிறது. அதன் முன்னால் உட்கார்ந்து யாரும் தட்டச்சு செய்யப்போவதில்லை என்பதால், அது பாஷ்ஆர்சியைத் தொடுவதே இல்லை.

சோர்ஸ் செய்தும் ஏன் கிடைக்கவில்லை? உபுண்டு தரும் பாஷ்ஆர்சியைத் திறந்து முதல் சில வரிகளைப் பாருங்கள். ஷெல் ஊடாடும் நிலையில், அதாவது ஒருவர் தட்டச்சு செய்யும் நிலையில், இருக்கிறதா என்று ஒரு 'கேஸ்' சோதிக்கும். இல்லையென்றால் 'ரிட்டர்ன்' என்று அங்கேயே திரும்பிவிடும். உங்கள் ஃபங்ஷன் கடைசியில் இருக்கிறது. அதுவரை வாசிப்பு வருவதே இல்லை. பிழைச் செய்தியும் வராது. பலர் ஒரு நாள் முழுவதையும் தொலைப்பது இந்த இடத்தில்தான். அதற்காக அந்த வரிகளை அழித்துவிடாதீர்கள். எஸ்எஸ்எச் (வேறு கணினியைப் பாதுகாப்பாக அணுகும் முறை) வழியாகக் கோப்பு அனுப்பும்போது தேவையற்ற வெளியீடு குறுக்கே வராமல் தடுப்பவை அவை.

ஃபங்ஷனைத் தனிக் கோப்புக்கு மாற்றுங்கள். பாஷ்ஆர்சியும் ஸ்கிரிப்டும் அந்தக் கோப்பை முழுப் பாதையுடன் சோர்ஸ் செய்யட்டும். ஸ்கிரிப்டில் அந்த வரி, ஃபங்ஷனை அழைக்கும் வரிக்கு மேலே இருக்க வேண்டும். அழைக்கும்போது பெயர் மட்டும் போதும், அடைப்புக்குறி கூடாது. ஃபங்ஷனுக்குள் 'எக்ஸிட்' இருந்தால் 'ரிட்டர்ன்' ஆக்குங்கள். இல்லாவிட்டால் டெர்மினலில் ஓட்டும்போது டெர்மினலே மூடிக்கொள்ளும்.

ஸ்கிரிப்டின் முதல் வரி பாஷைக் குறிக்கிறதா என்றும் பாருங்கள். உபுண்டுவில் 2006 முதல் 'எஸ்எச்' என்றால் டாஷ் என்ற வேறொரு ஷெல். அதற்கு 'சோர்ஸ்' தெரியாது, அதே வேலையைச் செய்யும் ஒற்றைப் புள்ளிதான் தெரியும்.

'எக்ஸ்போர்ட்' கட்டளையுடன் 'எஃப்' விருப்பத்தைச் சேர்த்து ஃபங்ஷனை மற்ற பாஷுக்குக் கடத்தினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். உங்கள் ஷெல்லிலிருந்து கிளம்பும் பாஷுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். கிரான் அங்கிருந்து கிளம்புவதில்லை. 2014இல் உலகையே பதறவைத்த ஷெல்ஷாக் என்ற பாதுகாப்பு ஓட்டையும் ஃபங்ஷன்களை இப்படிக் கடத்தும் வழியில்தான் இருந்தது. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மாற்றிய பிறகு, அழைக்கும் வரிக்கு மேலே 'டைப்' என்று எழுதி ஃபங்ஷன் பெயரைச் சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஃபங்ஷன் என்று சொல்லி அதன் உடலை அச்சிட்டால், அந்த வரியை நீக்கிவிட்டு கிரானிடம் ஒப்படைக்கலாம்.