திறந்த கூரையும் கல்லணைச் சாலையும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு மன்னார்குடி பக்கத்தில் ஒரு கிராமம். 19 வருஷம் மஸ்கட்டில் வேலை பார்த்துவிட்டுப் போன பங்குனியில் ஊரோடு வந்துவிட்டேன். பிள்ளைகள் படிப்பு முடிந்துவிட்டது, கடன் எதுவும் இல்லை. அங்கே இருந்தபோது ஒரு வெள்ளி நிற மெர்சிடிஸ் எஸ்எல் சாயங்காலமானால் கூரையை மடக்கிக்கொண்டு எங்கள் கம்பெனி வாசலைத் தாண்டிப் போகும். அன்றையிலிருந்து ஆசை. இப்போது இரண்டு எஸ்எல் 350 பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் 2007இல் பதிவானவை. ஒன்று டெல்லியில், 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்கிறார்கள். இன்னொன்று கோவையில், ஒரே ஓனர், 71,000 கிலோமீட்டர், ஃபைல் நிறைய பில் வைத்திருக்கிறார். ஆனால் நான்கு லட்சம் அதிகம் சொல்கிறார். இது இனிமேல் 'மாடர்ன் கிளாசிக்', விலை ஏறத்தான் செய்யும் என்கிறார் டெல்லி தரகர். இரண்டு மா நிலம் வாங்கிப் போடு என்கிறார் என் மைத்துனர். வீட்டில் ஆடம்பரம் என்கிறார்கள். எதை வாங்கலாம்? நம் ஊர்ச் சாலைக்கு இது ஒத்துவருமா? ஆசைப்பட்டது தப்பா?

கு., மன்னார்குடி

அன்புள்ள கு.,

வாங்குங்கள். கோவைக் காரை வாங்குங்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தாத்தாவிடம் ஒரு வில்வண்டி இருந்தது. நெல் ஏற்றுவதற்குப் பார வண்டி தனி. வில்வண்டி மனிதர்கள் அலுங்காமல் போய் வருவதற்கென்றே செய்தது. உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே மெத்தையும் ஜமுக்காளமும். கரித்த வைக்கோலை எண்ணெயில் குழைத்து வண்டி மை செய்வார்கள். அச்சுக்கு அதை வைப்பதை மட்டும் தாத்தா வேறு யாரிடமும் விடமாட்டார். சுவாமிமலைக்கும் வைத்தீஸ்வரன்கோயிலுக்கும் அதில்தான் போவார்கள். உங்கள் எஸ்எல் போன்ற கிராண்ட் டூரர் காரும் அந்த ஜாதிதான். இத்தாலியர்களின் 'கிரான் டூரிஸ்மோ'விலிருந்து வந்த பெயர். இரண்டு பேர், அவர்களுடைய பெட்டி, நாள் முழுக்க ஓட்டினாலும் இடுப்பு வலிக்காத பயணம், இவ்வளவும் வேண்டும் என்று நினைத்துச் செய்த வண்டி. 19 வருஷம் வெயிலில் சம்பாதித்த மனிதர் மனைவியை உட்காரவைத்து அப்படி ஒரு பயணம் போக ஆசைப்படுவதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

ஆனால் விலை ஏறும் என்று நம்பி வாங்காதீர்கள். தரகர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எஸ்எல் பரம்பரை பெரியது. 1954இல் நியூயார்க் கண்காட்சியில் வந்த 300 எஸ்எல்லில் தொடங்குகிறது. 1971 முதல் 1989 வரை, 18 வருஷம், ஒரே உருவத்தில் விற்ற ஆர்107 என்ற எஸ்எல் தலைமுறை ஒரு காலத்தில் வெறும் பழைய காராகக் கிடந்து, இன்று தேடி வாங்கப்படுகிறது. நீங்கள் பார்த்தது ஆர்230 என்ற தலைமுறை, 2001இல் வந்தது. கூரை முழுக்கத் தகடு, 16 விநாடியில் டிக்கிக்குள் மடிந்து போகும். அழகான கார், சந்தேகமே இல்லை. ஆனால் இதற்கெல்லாம் 'கிளாசிக்' என்று நம் சட்டத்தில் தனி இடம் கிடையாது. 2021இல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டி, பழைய உருவம் மாறாமல் இருந்தால்தான் விண்டேஜ். உங்கள் கார் அதைத் தொட 2057 ஆகும். அதுவரை ஆர்டிஓ கணக்கில் அது பழைய கார், அவ்வளவுதான். 15 வருஷம் முடிந்ததும் ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும், அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. இறக்குமதி காருக்கு 2022இலிருந்து அந்தக் கட்டணம் 40,000 ரூபாய். 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 80,000 என்று 2025 ஆகஸ்டில் ஏற்றிவிட்டார்கள். 2027இல் உங்களுக்கு அந்தச் செலவு வரும், இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

டெல்லிக் கார் ஏன் மலிவு என்று தெரியுமா? அந்த வட்டாரத்தில் 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் கார் ஓடக்கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாய உத்தரவை 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதிலிருந்து அங்கே பழைய பெரிய கார்களுக்கு மதிப்பு இறங்கி, என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வாங்கித் தெற்கே தள்ளிவிடுகிறார்கள். நல்ல காரும் அதில் வரும். ஆனால் இங்கே கொண்டுவந்து மறுபதிவு செய்து, சாலை வரியும் கட்டினால் நீங்கள் சொல்லும் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். எனக்கு அதைவிட உறுத்துவது அந்த 38,000. மீட்டரைத் திருப்பியிருக்கலாம், அதைக் காட்டிக்கொடுக்க பில் இல்லை. உண்மையாகவே 38,000 என்றாலும் வருஷத்துக்குச் சுமார் இரண்டாயிரம்தான் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். நின்ற கார் ஓடிய காரைவிட மோசமாகக் கெடும். ரப்பர் காயும், சீல் சுருங்கும், பேட்டரி சாகும். வருஷத்துக்கு நாலாயிரம் ஓடி, ஓடிய ஒவ்வொரு வருஷத்துக்கும் பில் வைத்திருக்கிற 71,000 கிலோமீட்டர் கார் எனக்கு எவ்வளவோ மேல்.

கும்பகோணத்தில் என் நண்பர் ஒருவரிடம் இதே ஆர்230 ஆறு வருஷமாக இருக்கிறது. நான் சொல்வதில் பெரும்பாலானது அவருடன் உட்கார்ந்து பார்த்தது. இரண்டாவது வருஷம் ஐப்பசி அடைமழையில் திடீரென்று கதவுப் பூட்டுகள் வேலை செய்யவில்லை. டிக்கியின் வலது ஓரத்துக் கார்பெட்டை அவர் தூக்கிக் காட்டினார். கீழே ஸ்பாஞ்ச் ஒன்று பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வரும்போல ஊறிக் கிடந்தது. அதற்குள்தான் பூட்டுகளை இயக்கும் காற்று பம்ப் உட்கார்ந்திருக்கிறது. பச்சையாகப் பூத்த அதன் கனெக்டரை அவர் விரலால் தொட்டதும் உதிர்ந்தது. எப்படி வந்தது தண்ணீர்? வீட்டு வாசலில் வேப்ப மரம். சித்திரையில் கொட்டிய பூ கூரைக்கும் டிக்கி மூடிக்கும் நடுவே தண்ணீர் வடியும் தூம்பில் இறங்கி, புழுதியோடு சேர்ந்து களிமண் மாதிரி இறுகிவிட்டது. மழைத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளே இறங்கிவிட்டது. இப்போது அவர் ஆடி பிறந்ததும் மெல்லிய நைலான் வயரை விட்டு அந்தத் தூம்புகளைத் துழாவி, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, அது தரையில் சொட்டும்வரை நின்று பார்க்கிறார். வாய்க்கால் தூர் வாருகிற ஊர்க்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கூரையை இயக்குவது ஹைட்ராலிக் எண்ணெய். வயதானால் சிலிண்டர் சீல்கள் கசியும். கோவையில் எஞ்சினை ஓடவிட்டு மூன்று தடவை திறந்து மூடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல நகர வேண்டும், நடுவில் திக்கக் கூடாது. மூன்றாவது தடவைக்குப் பிறகு டிக்கியின் ஓரங்களைத் துணியால் துடைத்து எண்ணெய் படிகிறதா என்று பாருங்கள்.

பிரேக் தனிக் கதை. இந்த வரிசையில் மிதிப்பதற்கும் சக்கரத்துக்கும் நடுவே மின்னணு அமைப்பு ஒன்று இருக்கிறது, எஸ்பிசி என்பார்கள். 2004இல் இதற்காகவே சுமார் 6,80,000 கார்களைக் கம்பெனி திரும்ப அழைத்தது. எத்தனை தடவை பிரேக் போட்டோம் என்று அது எண்ணிக்கொண்டே வரும், எண்ணிக்கை தீர்ந்தால் மாற்றச் சொல்லிச் சிவப்பு விளக்குப் போடும். மாற்றினால் பெரிய செலவு. பில்களில் அது மாற்றப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். எஞ்சின் நம்பரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்த 3.5 லிட்டர் வி6 எஞ்சினில் 2006 வரை செய்தவற்றில் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பல்சக்கரம் தேயும் குறை உண்டு, சரிசெய்ய எஞ்சினையே இறக்க வேண்டும். பதிவு 2007 என்றாலும் தயாரிப்பு முந்தைய வருஷமாக இருக்கலாம். மெக்கானிக்கிடம் நம்பரைக் கொடுத்தால் சொல்லிவிடுவார். நீங்கள் பார்த்தது 350 என்பது ஒரு நிம்மதி. பெரிய எஞ்சின் எஸ்எல்களில் பெரும்பாலும் சஸ்பென்ஷனும் ஹைட்ராலிக், அது கெட்டால் சம்பளத்தையே விழுங்கும். 350இல் சாதாரண ஸ்பிரிங்தான் வழக்கம், ஆனாலும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கோவைக் காருக்கு நான் சாய்வதற்கு இன்னொரு காரணம், அதைப் பார்த்துவந்த மெக்கானிக். ஓனரிடம் அவர் நம்பரை வாங்கி, பணம் பேசுவதற்கு முன்பே அவரைப் போய்ப் பாருங்கள். இந்தக் காரின் வியாதிகள் எல்லாம் அவருக்குத் தெரியும். டெல்டாவில் இதைத் தொட ஆள் கிடைப்பது கஷ்டம். வருஷத்துக்கு ஒரு தடவை கோவைக்கு ஓட்டிக்கொண்டு போவதும் நல்ல பயணம்தானே.

அப்புறம் எலி. நம் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. அறுவடை முடிந்து வரப்பு காலியானதும் எலியெல்லாம் வீட்டுப் பக்கம் வரும். போன மாசியில் என் சாதாரணக் காரிலேயே எஞ்சின் பக்கத்து வயர்களை ஒரே ராத்திரியில் கடித்துவிட்டது. எஸ்எல்லில் வயர் என்பது நரம்பு மண்டலம். வைக்கோல் போர் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். சிமெண்டுத் தரை, கதவுக்குக் கீழே இடைவெளி இல்லாத ஷெட், ராத்திரி முழுக்க ஒரு விளக்கு. காரில் இரண்டு பேட்டரி உண்டு, ஒன்று எஞ்சின் பக்கம், ஒன்று டிக்கியில். வாரம் ஒரு தடவையாவது இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்தை இழுக்கும். அந்தக் காலத்து ஹோஸ்கள் இதற்கென்று செய்தவை அல்ல. டாங்கில் பெட்ரோல் மாசக்கணக்கில் கிடக்க விடாதீர்கள்.

சாலைக்கு வருகிறேன். தை, மாசியில் கிராமத்துச் சாலையில் இறங்காதீர்கள். பாதிச் சாலையில் நெல் காயும், மீதியில் அறுப்பு மெஷினும் டிராக்டரும் வரும். நெல் காயப்போட்டவர் மேல் கோபப்படவும் முடியாது, களம் இல்லாவிட்டால் அவர் எங்கே போவார்? வேகத்தடைகளில் கார் தாழ்வு, சாய்வாக ஏற்றி இறக்குங்கள். கோடை மதியத்தில் கூரையைத் திறந்தால் பத்து நிமிஷம் தாங்காது. உங்களுக்கான மாதம் ஆடி. மேட்டூர் ஜூன் 12இல் திறந்த வருஷம் என்றால் ஆற்றில் தண்ணீர் நிறைந்து ஓடும். விடிவதற்கு முன் கல்லணைக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து பூம்புகார் சாலை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை என்று காவிரியோடு சேர்ந்தே கடல் வரைக்கும் போகும். நண்பரோடு நான் போனது அந்த வழியில்தான். அறுபதுக்கு மேல் அவர் போகவில்லை. திருவையாற்றுக்கு முன்னால் ஒரு மதகுப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் காருக்குள் கேட்டது, ஈர மண் வாசனை வந்தது. பல தடவை போன சாலைதான். மூடிய காரில் எனக்கு அது இரண்டும் கிடைத்ததில்லை.

மைத்துனரிடம் சண்டை வேண்டாம். இரண்டு மா நிலம் நல்ல யோசனைதான், அவர் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார். இதை வாங்கியபின் வருஷத்துக்கு இரண்டு லட்சம் பராமரிப்புக்கு வைக்க முடியுமா என்று நீங்களே ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். முடியாது என்று வந்தால் நிலத்தை வாங்குங்கள். முடியும் என்றால் முதல் பயணத்துக்கு மைத்துனரையும் அவர் மனைவியையும் உட்காரவைத்து அனுப்புங்கள், இரண்டு பேர் காரில் அவர்கள் இரண்டு பேராகவே போய்வரட்டும்.

கோவைக்குப் போகும்போது ஒரு டார்ச் எடுத்துப் போங்கள். டிக்கியைத் திறந்து, வலது ஓரத்துக் கார்பெட்டைத் தூக்கி, கையை விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடலாம்.