சர்க்கரை வந்த பூனைக்கு அம்மாவின் நரம்பு மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: உச்சிப்புளி பக்கம் தென்னை வைத்திருக்கிறோம். கொப்பரையை எலி தின்னாமல் இருக்க வளர்த்த கடுவன் பூனைக்கு இப்போது 9 வயது. சர்க்கரை நோய் என்று மருத்துவர் சொல்லி, 3 மாதமாகக் காலை, மாலை இன்சுலின் போடுகிறேன். 6 கிலோ இருந்தவன் நாலரைக்கு வந்துவிட்டான். கொஞ்ச நாளாகப் பின்னங்கால் தாழ்ந்து, குதிகாலை ஊன்றி நடக்கிறான். வைட்டமின் குறைவு என்கிறார்கள். என் அம்மாவும் சர்க்கரைக்காரர். கால் எரிச்சலுக்கு அவர் சாப்பிடும் நரம்பு மாத்திரையில் பாதியைப் பொடித்துக் கொடுக்கலாமா? மச்சான் மண்டபத்திலிருந்து கொண்டுவரும் சாளை, நெத்திலியைப் பச்சையாகப் போடுகிறோம், பால்சோறும் உண்டு.

பதில்: கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம், முதலில் அந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மெத்தில்கோபாலமின் என்று முதலில் இருக்கும். அது பி12, அதனால் ஆபத்தில்லை. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட் என்று இருக்கிறதா? சர்க்கரை நோயாளிகளுக்கான நரம்பு மாத்திரைகள் பலவற்றில் இது சேர்ந்தே வருகிறது, பெரும்பாலும் 100 மில்லிகிராம். மனிதருக்கு ஒன்றும் செய்யாது. பூனைக்கோ கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு. உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் கொடுத்தபோதே பூனைகள் நோயில் விழுந்திருக்கின்றன. நாலரைக் கிலோ பூனைக்குப் பாதி மாத்திரை அந்த அளவுக்குக் கீழேதான். ஆனாலும் தினமும் கொடுத்தால் எங்கே போய் நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சில மாத்திரைகளில் பிரிகாபலினும் இருக்கும். அது மயக்கம் தரும் மருந்து. பூனை சுருண்டு கிடந்தால் மருந்தின் தூக்கமா, சர்க்கரை இறங்கிய மயக்கமா என்று உங்களுக்குத் தெரியாமல் போகும்.

பி காம்ப்ளெக்ஸ் சிரப் கொடுக்கலாமே என்று அடுத்து யாராவது சொல்வார்கள். அது பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் கலந்து வருவது. வேண்டாம்.

சரி, கால் ஏன் தாழ்கிறது? ரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் கூடுதலாக இருந்தால் பின்னங்கால் நரம்புகள் பழுதாகும். விரலை ஊன்றி நடக்கவேண்டிய பூனை குதிகால் வரை தரையில் பதித்து நடப்பது அதற்கே உரிய அடையாளம். நீங்கள் சொன்ன கோலம் பெரும்பாலும் இதுதான். களத்துச் சிமெண்ட் தரையில் தண்ணீர் தெளித்து அதன்மேல் நடக்க விடுங்கள். முன்கால் தடம் உருண்டையாக விழும். பின்கால் தடம் நீளமாக இழுத்து விழுந்தால், அதை போனில் படம் எடுத்து வையுங்கள். வாரம் ஒருமுறை அதே தரையில் எடுத்துப் பார்த்தால் தேறுகிறதா இல்லையா என்று உங்களுக்கே தெரியும். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் மாதக்கணக்கில் மெல்லத் தேறும். பி12 இதற்குத் துணை மட்டுமே. சர்க்கரையை விட்டுவிட்டு பி12 மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் கால் நிமிராது.

ஆனால் உங்கள் பூனைக்கு வைட்டமின் குறைவு இருக்கவே இருக்காது என்றும் நான் சொல்லமாட்டேன். சர்க்கரை ஏறிய பூனை குடம் குடமாகத் தண்ணீர் குடித்துச் சிறுநீராக இறைக்கும். நீரில் கரையும் பி வைட்டமின்கள் அதோடு போய்விடும். பி12க்கு இன்னொரு சங்கதியும் உண்டு. அந்த வைட்டமினைக் குடல் உறிஞ்சுவதற்கு வேண்டிய ஒரு புரதம் பூனைக்குக் கணையத்தில்தான் உற்பத்தியாகிறது. இன்சுலின் சுரப்பதும் அதே கணையம். கணையத்தில் நாட்பட்ட வீக்கம் இருந்தால் இரண்டுமே குறையலாம். அப்போது வாய்வழி கொடுப்பதைவிட ஊசியே நிச்சயம். வழக்கமாக 250 மைக்ரோகிராம், வாரம் ஒன்றாக ஆறு வாரம் தோலுக்கடியில் போடுவார்கள். ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் முடிவுசெய்யட்டும். இன்சுலின் போடப் பழகிய கைக்கு இந்த ஊசி பெரிய வேலையல்ல, அவரிடமே காட்டித்தரச் சொல்லுங்கள்.

எனக்கு அதைவிடக் கவலை அந்தப் பச்சை மீன். நம் கடற்கரையில் பூனைக்குப் பச்சை மீன் போடுவது காலங்காலமாக நடப்பதுதான். எப்போதாவது ஒன்றிரண்டு போட்டால் பாதகமில்லை. ஆனால் சாளை, நெத்திலி வகைகளில், அதுவும் குடலோடு போடும்போது, தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. பி1 வைட்டமினை அது சிதைத்துவிடும். ஐஸில் வைத்தாலும் அது சாகாது, வேகவைத்தால்தான் அழியும். பி1 குறைந்தால் முதலில் சாப்பாடு வெறுக்கும், பிறகு தள்ளாடும், தலையைத் தூக்க முடியாமல் மோவாய் நெஞ்சில் படும், கண்மணி விரிந்தே இருக்கும், கடைசியில் வலிப்பு வரும். தலை தொங்குவது பொட்டாசியம் குறைந்தாலும் வரும், இன்சுலின் போடும் பூனைக்கு அதற்கும் வாய்ப்புண்டு. எதுவானாலும் தலை தொங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அதனால் இன்றிலிருந்து மீனைக் குடல் எடுத்து, உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் சேர்க்காமல் வேகவையுங்கள். முள் எடுத்துவிட்டு, வெந்த தண்ணீரையும் சேர்த்தே ஊற்றுங்கள். பூனைக்குக் கட்டாயம் வேண்டிய டாரின் என்ற சத்து அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். தினமும் மீன் மட்டும் என்றாலும் குறைவு வரும். தோல் நீக்கிய கோழி, அவித்த முட்டை என மாற்றிக் கொடுங்கள். பாக்கெட்டில் குழம்பாக வரும் பூனை உணவு, மாவுச்சத்து குறைந்ததாகப் பார்த்து, ஒருவேளையாவது கொடுக்க முடிந்தால் நல்லது. வைட்டமின்கள் அதில் அளவோடு சேர்ந்திருக்கும். உலர்ந்த உருண்டைத் தீனியில் மாவு அதிகம். சூரை மீனை வாரக்கணக்கில் போட்டால் வைட்டமின் ஈ குறைந்து உடல் கொழுப்பே வீங்கி வலியெடுக்கும். கருவாடு வேண்டாம், உப்பு. வைட்டமின் என்று ஈரலை அள்ளிக் கொடுப்பதும் தவறு. தினமும் ஈரல் தின்னும் பூனைக்கு வைட்டமின் ஏ மிஞ்சி, கழுத்தெலும்பு இறுகிவிடும்.

பால்சோறு நிற்கத்தான் வேண்டும். ஆனால் மருத்துவரிடம் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். சோறும் பாலும் ஏற்றிய சர்க்கரைக்குக் கணக்குப் பார்த்துத்தான் இப்போதைய இன்சுலின் அளவு. சோறு நின்று ஊசி அதே அளவில் போனால் சர்க்கரை சரேலென்று இறங்கும். தள்ளாட்டம், நடுக்கம், வெறித்த பார்வை என்று கண்டால் குளுக்கோஸ் பொடியைக் குழைத்தோ, தேனையோ ஈறில் தேய்த்துவிட்டு வண்டியில் ஏற்றுங்கள். மயக்கத்தில் இருக்கும்போது வாயில் ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குப் போய்விடும். சாப்பிடாத வேளையில் முழு அளவு ஊசி கூடாது. எவ்வளவு குறைப்பது, நிறுத்துவதா என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். வீட்டில் அம்மாவின் சர்க்கரைக் கருவியில் பூனைக்குப் பார்க்கிறீர்கள் என்றால், அது உண்மையளவைவிடக் கொஞ்சம் குறைத்தே காட்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பின்னங்கால் ஒரே நாளில் விழுந்து, பாதம் சில்லென்று இருந்து, பூனை வலியில் கத்தினால் அது இந்த நோயே இல்லை. ரத்தக் கட்டி அடைத்திருக்கும். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்று. அம்மாவும் இன்சுலின் போடுபவராக இருந்தால் சிரிஞ்சைப் பாருங்கள். மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்குச் சிவப்பு மூடி, 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு வரை இழுத்தால் ஒரு யூனிட் இல்லை, இரண்டரை யூனிட் போகும். பூனைக்கு அது உயிர்ப் பிரச்சினை. இரண்டு பேருடைய சிரிஞ்சையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள்.