மருந்தைத் தின்னும் மண்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மூன்று போகமாக ஒரே குருணை மருந்துதான் போடுகிறேன். முதலில் நன்றாகக் கேட்டது. இப்போது நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சி அடங்குவதே இல்லை. பூச்சிக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது என்கிறார் கடைக்காரர்.

பதில்: வந்திருக்கலாம். ஆனால் மண்ணையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். பிலிப்பைன்சில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இதே கதை நடந்தது. டயசினான் என்ற பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்பப் போட்ட வயலில் அது புகையானுக்குக் கேட்காமல் போயிற்று. வயல் நீரில் வளர்ந்திருந்த ஒரு பாக்டீரியா, பூச்சியைச் சேருமுன்பே மருந்தைச் சிதைத்துக்கொண்டிருந்தது. 1973இல் ஆய்வாளர்கள் சேதுநாதனும் யோஷிதாவும் அதைப் பற்றி எழுதினார்கள். பாரத்தியான் என்ற இன்னொரு பூச்சிமருந்தையும் அந்த பாக்டீரியா உடைக்கும். அந்த உடைப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம்: நிறமற்ற கரைசல் மெல்ல மஞ்சளாகும். மஞ்சள் நிறம், உடைந்து வெளிவரும் நைட்ரோபீனாலுடையது.

உங்கள் மண்ணையும் சோதிக்கலாம். ஒரு பிடி மண்ணை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சூடேற்றிக் கிருமிகளைக் கொன்றுவிட்டு, இரண்டிலும் மருந்து கலந்து அளப்பார்கள். உயிருள்ள பாதியில் மட்டும் மருந்து வேகமாகக் குறைந்தால் பூச்சிமேல் பழி போட வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் அளவைக் கூட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. மருந்தைத் தின்னும் பாக்டீரியாவுக்கு, விருந்தாளிக்கு இலையில் இன்னொரு கரண்டி வைப்பது போலாகிவிடும். அடுத்த போகத்தில் வேறு வகை மருந்துக்கு மாறுங்கள். பெயர் மாறினால் போதாது. வேதியியல் குடும்பமே மாற வேண்டும்.

கேள்வி: சிதைந்துவிட்டால் விஷம் போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

பதில்: எப்போதும் அப்படி இல்லை. 2011இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்த எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்து, மண்ணில் எண்டோசல்பான் சல்பேட்டாக மாறும். அதுவும் நச்சுதான், மூலப்பொருளைவிட நெடுநாள் நிற்கும். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து உடைந்து வரும் பொருளோ பாக்டீரியாக்களையே தடுக்கும். தின்னவனுக்கே வயிற்றுவலி!

கேள்வி: பாட்டிலில் வரும் பாக்டீரியாவை ஊற்றினால் பழைய விஷம் போகுமா?

பதில்: நான் காசு கொடுத்து வாங்கமாட்டேன். ஆய்வகக் குடுவையில் செழிக்கும் பாக்டீரியா, வயலில் ஏற்கெனவே குடியிருக்கும் கூட்டத்தோடு போட்டி போட முடியாமல் பெரும்பாலும் மடிந்துவிடும். உள்ளூர்க் கூட்டத்துக்கே தொழுவுரமும் ஈரமும் கொடுங்கள். லிண்டேன் போன்ற சில பழைய மருந்துகள் நீர் கட்டிய நெல்வயலில், காய்ந்த நிலத்தைவிட வேகமாகவே சிதையும்.