வெயிலுக்குப் பயப்படுங்கள், சாப்பாட்டுக்கு வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 34. வீட்டில் இருக்கும்போது முகத்தை ஒழுங்காகப் பார்த்துக்கொள்வேன். காலையில் ஐந்து, இரவில் ஆறு என்று கிரீம், சீரம் எல்லாம் வரிசையாகப் போடுவேன். இரண்டு வருட முயற்சியில் பருக்கள் நன்றாகக் குறைந்திருக்கின்றன. ஆனால் விடுமுறைக்கு எங்காவது போய் வந்தால் போதும், முகம் காய்ந்து, கறுத்து, தாடையோரம் பருக்கள் கிளம்பிவிடுகின்றன. அதனால் போன முறை வெளியே சாப்பிடவே மறுத்துவிட்டேன். எல்லோரும் ஹோட்டலில் உட்கார்ந்து பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, நான் அறையில் பழம் நறுக்கிச் சாப்பிட்டேன். அப்படியும் பருக்கள் வந்தன. போட்டோ எடுக்கும்போது நழுவிவிடுகிறேன். “நீ எங்களோடு வருகிறாயா, உன் முகத்தோடு வருகிறாயா?” என்று கணவர் கேட்டுவிட்டார். அடுத்த மாதம் விமானத்தில் ஒரு வாரப் பயணம். கடற்கரையும் உண்டு, மலையும் உண்டு. எல்லா பாட்டில்களையும் எடுத்துப்போகவா? வெளிச்சாப்பாட்டை அறவே தவிர்க்கவா? பயணத்துக்கென்றே புதிதாக ஒரு சீரம் வாங்கி வைத்திருக்கிறேன். நான் அளவுக்கு மீறி யோசிக்கிறேனோ?
- பெயர் வெளியிட வேண்டாம்

பதில்:

அன்புத் தோழிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் அளவுக்கு மீறி யோசிக்கவில்லை. முகம் நிறையப் பருக்களோடு நாலு பேர் நடுவில் நிற்பது எவ்வளவு சங்கடம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு வருடம் பொறுமையாகச் சரிசெய்த ஒன்று ஒரே வாரத்தில் கெட்டுப்போனால் யாருக்கும் மனசு பதைக்கத்தான் செய்யும். ‘இதெல்லாம் ஒரு கவலையா’ என்று ஒதுக்குகிறவர்கள் பேச்சை விட்டுத்தள்ளுங்கள். ஆனால் உங்கள் கவலை போய் உட்கார்ந்திருக்கும் இடம் தவறு என்று நினைக்கிறேன்.

அறையில் தனியாகப் பழம் சாப்பிட்டதைச் சொல்லிவிட்டு, “அப்படியும் பருக்கள் வந்தன” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இந்தக் கடிதத்தில் அதுதான் முக்கியமாகப் பட்டது. வெளிச்சாப்பாட்டை முழுக்க விட்டும் முகம் கேட்கவில்லை என்றால், காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

நேற்றுச் சாப்பிட்டதற்கு இன்று பரு வருவதில்லை. தோலின் நுண்துளைக்குள் எண்ணெயும் இறந்த செல்களும் சேர்ந்து அடைக்கத் தொடங்கி, அது வீங்கி வெளியே தெரிவதற்குப் பல வாரங்கள் ஆகும். பயணத்தின் மூன்றாம் நாள் கண்ணாடியில் பார்த்த பரு, நீங்கள் வீட்டில் இருந்தபோதே உள்ளே தொடங்கியிருக்கும். அதோடு, தாடையோரம் வருகிறது என்கிறீர்கள். இந்த வயதுப் பெண்களுக்கு அந்த இடத்தில் வரும் பருக்கள் பல நேரம் ஹார்மோனைச் சார்ந்தவை. மாதவிடாய்க்குச் சில நாட்கள் முன்பு கிளம்பும். முந்தைய பயணத் தேதிகளையும் மாதவிடாய்த் தேதிகளையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் பாதி மர்மம் தீர்ந்தது. மாதவிடாய் அடிக்கடி தள்ளிப்போவது, முகத்தில் முடி கூடுவது போன்றவையும் இருந்தால், பயணத்துக்குக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அதைக் கிரீம் சரிசெய்யாது.

சரி, முகம் ஏன் காய்கிறது? விமானத்தில் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழேதான் இருக்கும். நாம் வீட்டில் சுகமாக உணர்வது 40-லிருந்து 60 சதவீதத்தில். அப்படிப்பட்ட காற்றில் சில மணி நேரம் உட்கார்ந்து இறங்கியதும், அறைக்குப் போய் நல்ல சூடான தண்ணீரில் நீண்ட நேரம் குளித்து, அங்கே வைத்திருக்கும் சோப்பைப் போட்டு முகம் கழுவுகிறோம். தோலில் மிச்சமிருந்த எண்ணெய்ப் பசையும் அதோடு போய்விடுகிறது. ஊர் மாறும்போது தண்ணீரும் மாறும். கால்சியமும் மெக்னீசியமும் கூடுதலாக உள்ள கடினத் தண்ணீரில் சோப்பு சரியாகக் கரையாமல் தோலின் மேல் படிந்து, அரிப்பையும் வறட்சியையும் கூட்டும். அதற்கு மேல் தூக்கம் வேறு கெடுகிறது. இப்படித் தடுமாறி நிற்கிற முகத்தின் மேல் வீட்டில் போடும் பதினொன்றையும் வரிசையாகப் போட்டால், அது எரிச்சலில் சிவக்காமல் என்ன செய்யும்?

அதனால் எல்லா பாட்டில்களும் வேண்டாம். மென்மையான ஃபேஸ் வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், இந்த மூன்றும் போதும். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரெட்டினால் (வைட்டமின் ஏ வகைப் பூச்சு) போடுபவராக இருந்தால், வெயிலில் அலையப்போகும் அந்த வாரத்தில் அதை நிறுத்தி வைக்கலாம். தோலைக் காயவைத்து, வெயிலுக்குக் கூடுதலாகக் கூசவைக்கும். பருவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அதைச் சாப்பிடும்போது வெயில் சீக்கிரம் சுட்டுவிடும். கைப்பையில் கொண்டுபோகும் திரவங்கள் ஒவ்வொன்றும் 100 மில்லி லிட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற விதி 2006 முதல் பல நாட்டு விமான நிலையங்களில் இருக்கிறது. மூன்றை மட்டும் எடுத்துப்போனால் அந்தத் தொல்லையும் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் சுருக்கமாகக் குளித்துவிட்டு, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவிவிடுங்கள். விமானத்தில் ஏறுவதற்கு முன்பும் ஒருமுறை தடவிக்கொள்ளலாம். வறட்சிக்கு இதைவிடப் பெரிய வைத்தியம் தேவையில்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் முகம் பளபளக்கும் என்று சொல்வார்கள். தாகத்துக்குத் தண்ணீர் அவசியம்தான், ஆனால் மேல் தோலின் வறட்சியை அது போக்கிவிடாது.

இப்போது வெயில். உங்கள் கவனம் முழுவதும் இங்கே இருக்க வேண்டும். பயணத்தில் முகத்துக்கு நடப்பவற்றில் பெரும்பாலானவை சில நாளில், சில வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். வெயில் செய்வது அப்படியே முழுக்கப் போய்விடுவதில்லை. கருமை மெதுவாக மங்கினாலும், அந்தக் கதிர்கள் தோலின் ஆழத்தில் செய்த சேதம் வருடக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. பரு ஆறிய இடத்தில் விழும் கரும்புள்ளியை மாதக்கணக்கில் அங்கேயே தங்கவைப்பதும் இதே வெயில்தான். மாநிறமும் கருநிறமும் கொண்ட தோலுக்கு இயற்கையாகவே ஓரளவு பாதுகாப்பு உண்டு, ஆனால் இந்தத் தழும்புக் கருமை அவர்களுக்குத்தான் அதிகமாகப் படியும். பருவைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நீங்கள் வெயிலைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை கூட எழுதவில்லை.

கடற்கரையில் மேலிருந்து அடிக்கும் வெயில் போக, உலர்ந்த மணல் சுமார் 15 சதவீதப் புற ஊதாக் கதிரைத் திருப்பி மேலே அனுப்பும். தொப்பி போட்டிருந்தாலும் கன்னத்துக்கும் தாடைக்கும் கீழிருந்து வந்து சேரும். மலையில் ஆள் ஏமாந்துபோவது இன்னும் சுலபம். காற்று குளிராக இருக்கும், வெயில் உறைக்கவே உறைக்காது. ஆனால் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. பனி படர்ந்த இடமாக இருந்தால் அது 80 சதவீதம் வரை பிரதிபலிக்கும். லேசான மேகமும் பெரிய காப்பு இல்லை. கார் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வந்தாலும், தோலைச் சிவக்கவைக்கும் யுவிபி என்ற புற ஊதாக் கதிரைத்தான் கண்ணாடி பெருமளவு தடுக்கும். ஆழமாகப் போகும் யுவிஏ கதிரில் கணிசமான பங்கு உள்ளே வந்துவிடும்.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். எஸ்பிஎஃப் என்பது வெயிலிலிருந்து எவ்வளவு காப்பு என்று சொல்லும் எண். அது 30 என்றால் யுவிபி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் சுமார் 98. ஒரு சதவீதம்தான் வித்தியாசம். யுவிஏ கதிருக்கும் காப்பு உண்டு என்று அட்டையில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எவ்வளவு போடுகிறோம் என்பதுதான் பெரிய விஷயம். ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் தடவித்தான் அந்த எண்ணைக் கண்டுபிடிக்கிறார்கள். நாம் அதில் பாதி கூடப் போடுவதில்லை. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளத்துக்குப் பிழிந்தால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் தேவை. காதையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். தண்ணீரில் இறங்கினால், துண்டால் துடைத்தால் உடனே போட வேண்டும். தண்ணீரைத் தாங்கும் என்று எழுதியிருப்பதும் 40 அல்லது 80 நிமிடம்தான் தாங்கும். கன்னத்தில் மங்கு, அதாவது பழுப்புத் திட்டு இருந்தால், இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன் வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும். நிறமில்லாத சாதாரண சன்ஸ்கிரீன் அந்த ஒளியைத் தடுப்பதில்லை. போகும் இடத்தின் விதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பசிபிக் கடல் தீவுகளான பலாவ், ஹவாய் போன்ற இடங்களில் பவளப்பாறைகளைக் காப்பதற்காகச் சில வகைச் சன்ஸ்கிரீன்களுக்குத் தடை இருக்கிறது. காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை வெயில் கடுமையாக இருக்கும் நேரம். கடலை அதற்கு முன்போ பின்போ பாருங்கள். நடுப்பகலில் நிழலான இடத்தில் உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடுங்கள்.

ஆமாம், எல்லோரும் சேர்ந்துதான். உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவுகளைத் தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்குப் பரு கூடலாம் என்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. சிலருக்குப் பாலும் ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் அது மாதக்கணக்கில் நீளும் பழக்கத்தைப் பற்றிய விஷயம். ஒரு வாரத்தில் நாலைந்து வேளை வெளியே சாப்பிட்டதால் இரண்டு வருட உழைப்பு வீணாகிவிடாது. உப்பு தூக்கலான சாப்பாட்டுக்குப் பிறகு மறுநாள் காலை கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கும், மதியத்துக்குள் வடிந்துவிடும். காரமும் சூடும் முகத்தைச் சிவக்கவைத்தால் அதுவும் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பொரித்ததும் இனிப்பும் வேளைக்கு வேளை வேண்டாம், ஒரு வேளை வேண்டியதைச் சாப்பிட்டால் அடுத்த வேளை லேசாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி உங்களுக்குப் பிடித்ததைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். சாப்பிட்டபின் தட்டைப் பற்றிய கணக்கு எதுவும் வேண்டாம்.

வெளியே சாப்பிடும்போது உண்மையிலேயே தோலைக் கெடுக்கக்கூடிய ஒன்று இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. எலுமிச்சை வகைப் பழங்களின் சாறு கையிலோ முகத்திலோ பட்டு, அதே இடத்தில் வெயிலும் பட்டால் இரண்டும் சேர்ந்து தோலைச் சுட்டுவிடும். ஓரிரு நாளில் சிவந்து கொப்புளம்கூட வரலாம், பிறகு அங்கே கரும்பட்டை வாரக்கணக்கில் நிற்கும். வெயிலில் உட்கார்ந்து பழம் பிழிந்தால், உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். சாப்பிட்ட கையோடு தாடையைத் தடவிப் பார்த்து, பருவைக் கிள்ளும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

உங்கள் கணவர் கேட்டது குத்தியிருக்கும். சொன்ன விதம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நீங்கள் கூட இருக்க வேண்டும் என்ற ஆசை அதில் இருப்பதாக எனக்குப் படுகிறது. நீங்கள் ஏன் அறையிலேயே இருந்தீர்கள், போட்டோவில் ஏன் நிற்பதில்லை என்பதை அவரிடம் இதுவரை முழுசாகச் சொல்லியிருக்கிறீர்களா? புறப்படுவதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து சொல்லுங்கள். அப்புறம் அவருக்கு ஒரு வேலையும் கொடுங்கள்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சன்ஸ்கிரீனை ஞாபகப்படுத்துவது அவர் பொறுப்பு. அவரும் கூட வருகிறவர்களும் சேர்ந்தே போட்டுக்கொள்ளட்டும், வெயில் அவர்களுக்கும் அதே வெயில்தான். போட்டோவை உச்சி வெயிலில் எடுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் சின்ன மேடு பள்ளமும் நிழல் விழுந்து பெரிதாகத் தெரியும். நிழலில், வெளிச்சத்தைப் பார்த்து நின்றால் முகம் சீராக இருக்கும். முதல் இரண்டு நாள் தயக்கம் இருந்தால் ஓரமாக நில்லுங்கள், ஆனால் நில்லுங்கள். பத்து வருடம் கழித்து அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் உங்கள் பருக்களைத் தேட மாட்டார்கள்.

பருக்கள் ஆழமாக, வலியோடு கட்டி கட்டியாக வந்தாலோ, ஆறியபின் குழி விழுந்தாலோ சரும மருத்துவரிடம் போங்கள். அதே போல, முகத்தை நினைத்துக்கொண்டு மனிதர்களைத் தவிர்ப்பது பயணத்தில் மட்டுமல்லாமல் வீட்டிலும் அலுவலகத்திலும் நடக்கிறது என்றால், அதையும் அவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். தேவைப்பட்டால் ஒரு மனநல ஆலோசகரைப் பார்ப்பதிலும் தவறில்லை.

அந்தப் புது சீரத்தைப் பெட்டியில் வைக்க வேண்டாம். புது இடம், புது தண்ணீர், வெயில் எல்லாவற்றோடும் சேர்த்து அதையும் தொடங்கினால், முகம் சிவக்கும்போது எதனால் என்றே தெரியாது. திரும்பி வந்து ஒரு வாரம் அந்த மூன்றை மட்டும் போடுங்கள். முகம் அமைதியானதும் உங்கள் பழைய வரிசையை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். சீரத்தை அதற்கும் பிறகு, முழங்கை மடிப்பில் ஒரு சின்ன இடத்தில் தினம் இரண்டு வேளை வீதம் ஏழிலிருந்து பத்து நாள் தடவிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லை என்றால் முகத்துக்குக் கொண்டுபோகலாம்.