டிபி சாயம் நெகட்டிவ், அப்புறம் ஏன் இன்னொரு சாயம்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். அப்பாவுக்கு 58 வயது, தென்னந்தோப்பு வேலை. முழங்கைப் பக்கம் ஒரு சிவந்த படை. எட்டு மாதமாகப் படர்தாமரைக் களிம்பு போட்டும் போகவில்லை. சதை எடுத்து டெஸ்ட் செய்ததில், 'கிரானுலோமா. டிபி சாயம் நெகட்டிவ். ஃபைட் சாயமும் எஸ்-100ம் பார்க்கவும்' என்று வந்திருக்கிறது. கோயம்புத்தூர் டாக்டர் தோல் டிபி என்கிறார், பாலக்காட்டு டாக்டர் தொழுநோயாக இருக்கலாம் என்கிறார். நெகட்டிவ் என்றால் ஒன்றுமில்லை என்றுதானே? மறுபடியும் சதை எடுக்க வேண்டுமா?

பதில்: சதை இப்போதைக்கு வேண்டாம். முதலில் எடுத்ததை லேபில் மெழுகுக் கட்டியாகப் பதித்து வைத்திருப்பார்கள். அதிலிருந்தே இன்னும் சில சீவல்கள் எடுத்துக்கொள்ளலாம்.

நெகட்டிவ் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சாயம் என்பது, சீவலில் இருக்கும் கிருமிக்கு நிறமேற்றி மைக்ராஸ்கோப்பில் தேடும் முறை. கிரானுலோமா என்பது நோயின் பெயர் அல்ல; உடம்பின் காவல் செல்கள் எதையோ வளைத்துக்கொண்டு நிற்கும் கும்பல். டிபி, தொழுநோய், சார்காய்டோசிஸ் (காரணம் தெரியாத ஓர் அழற்சி நோய்), சில பூஞ்சைகள் என எல்லாவற்றிலும் அது வரும். தோல் டிபியிலும், ஓரிரு படையோடு நிற்கிற தொழுநோயிலும் கிருமிகள் மிகக் குறைவு. சாயத்தில் சிக்காமல் போவது சகஜம். போதாததற்கு, தொழுநோய்க் கிருமியின் மெழுகுப் போர்வை நோஞ்சான். டிபி சாயத்தில் வலுவான அமிலத்தால் கழுவும்போது ஏறிய நிறமும் போய்விடும். ஃபைட் முறையில், ஸ்லைடின் மெழுகைக் கரைக்கும் சைலீனோடு கடலை எண்ணெய் கலப்பார்கள். ஆமாம், நம் வீட்டுக் கடலை எண்ணெய்தான்! அது போர்வையைக் காப்பாற்றும். அமிலமும் மிதமானது. கிருமி இருந்தால் நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சியாகத் தெரியும்.

எஸ்-100 கிருமியைத் தேடுவதே இல்லை, நரம்பைப் பழுப்பாகக் காட்டும். இந்த வகைத் தொழுநோய் என்றால் கும்பலுக்குள் நரம்பு துண்டு துண்டாகக் கிடக்கும், சில சமயம் காணாமலே போயிருக்கும். டிபியில் பெரும்பாலும் முழுசாக இருக்கும். கிருமி கிடைக்காத இடத்தில், என்னைக் கேட்டால், இதுதான் பெரிய சாட்சி. கூடவே டாக்டர் அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, படையின் மேல் பஞ்சால் தொட்டுப் பார்த்தாரா? முழங்கை நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவினாரா? இல்லையென்றால் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

ஊகத்தில் மருந்து தொடங்க வேண்டாம். ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் உண்டு. தொழுநோய்க்கு மாதம் ஒருமுறை, டிபிக்குத் தினமும். டிபிக்காரருக்கு மாதம் ஒன்று கொடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அரசு ஆஸ்பத்திரியில் இரண்டுக்கும் இலவசம். ஸ்டீராய்டு களிம்பு மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஃபைட், எஸ்-100 இரண்டிலும் தெளிவு வராவிட்டால், கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்க இன்னொரு துண்டு சதை கேட்பார்கள். முதல் சதை அதற்கு உதவாது; கெடாமல் இருக்க ஃபார்மலின் திரவத்தில் போட்ட சதையில் டிபி கிருமி வளராது. புதிதாக எடுத்து சலைனில் (உப்புநீரில்) அனுப்ப வேண்டும்.