மருத்துவமனையில் எல்லா நோயாளிக்கும் ஒரே கணக்கில் ஊட்டம் தருவது இனி மாறுமா?

மாறும், மாறத் தொடங்கிவிட்டது. இப்போது பெரும்பாலும் எடையைப் பார்த்து, ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி என்று குத்துமதிப்பாகத்தான் போடுகிறார்கள். மூச்சில் போகும் ஆக்சிஜனையும் வரும் கார்பன் டை ஆக்சைடையும் அளந்து, உடல் உண்மையில் எவ்வளவு எரிக்கிறது என்று சொல்லும் கருவி ஏற்கெனவே உண்டு. விலை இறங்கினால் அது படுக்கையருகே வந்துவிடும்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, எப்போது கொடுப்பது என்ற கேள்வி. நிறையக் கொடுத்தால் சீக்கிரம் தேறுவார் என்றுதானே நினைப்போம்? பெல்ஜியத்தில் ஐசியூ நோயாளிகளிடம் நடத்தி 2011இல் வெளியான ஆய்வு வேறு மாதிரி சொன்னது. வயிற்றுக்குள் செலுத்தும் குழாய் வழி உணவு போதாதபோது, இரத்தக்குழாய் வழி ஊட்டத்தை ஒரு வாரம் தள்ளித் தொடங்கியவர்கள்தான் விரைவில் தேறினார்கள், தொற்றும் குறைவு.

சரி, அப்படியானால் சாதாரண வார்டிலும் குறைத்துவிடலாமா? கூடாது. 2019இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வில், ஊட்டக்குறைவு அபாயம் உள்ளவர்களுக்குத் தனித்தனியாகத் திட்டமிட்டு உணவு கொடுத்த குழுவில் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் சுமார் 7 சதவீதம். வழக்கமான உணவு பெற்றவர்களில் 10 சதவீதம்.

அப்புறம், வேறு காரணத்துக்கு எடுத்த சிடி ஸ்கேனிலேயே தசை எவ்வளவு கரைந்திருக்கிறது என்று கணினி கணக்கிட்டுச் சொல்லும் முறையும் வளர்ந்து வருகிறது. எடை மட்டும் பார்த்தால், உடலில் நீர் கோத்தவரின் மெலிவு தெரியாது.